விவரமான விரல்

உட்காருங்க தம்பி, உட்காருங்க. என்ன அப்படி முழிக்கிறீங்க? உங்க கைக்குட்டைதானே? இந்தா, பத்திரமா இங்கேதான் இருக்கு. வெளியே நின்னு ஜன்னல் வழியா நீங்க போட்டது ஜன்னலோரத்துச் சீட்டுல கிடந்தது. சாத்தூர் வெயில் தெரியும்ல, அதுல உட்கார்ந்தா மண்டை பொளந்துரும், வயசுப் பையன் வதங்கிருவானேன்னு நான்தான் எடுத்து இந்தப் பக்கம் போட்டு வச்சேன். வெயிலை நான் வாங்கிக்கிடுறேன். எனக்கென்ன, காஞ்ச கட்டை.

என்ன சொன்னீங்க? ‘விவரமான ஆளுதான் பெரியவரே’யா?

தம்பி, வேற எந்த வசவு வேணும்னாலும் வையுங்க. அந்தச் சொல்லை மட்டும் இன்னைக்குச் சொல்லாதீங்க. காலையிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. விவரமாம், விவரம்! துப்பக்கூட ஜன்னல் திறக்க மாட்டேங்குது.

கண்டக்டர் வர்றார் பாருங்க. கோவில்பட்டிக்குத்தானே? ரெண்டா எடுத்திருங்க. என்கிட்ட இருக்கிறது பெரிய நோட்டு, அதுவும் நடுவுல கிழிஞ்சது. அதைக் குடுத்து அந்த மனுஷன்கிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட, பக்கத்துல இருந்த பாவத்துக்கு நீங்களும் சேர்ந்து கேட்க, எதுக்கு? உங்களுக்கு ஒரு மரியாதைக் குறைச்சல் வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

மடியில என்ன, பிளாஸ்க்கா? பூத்துவாலை வேற. பிள்ளை பொறந்திருக்கா! எப்போ, நேத்தா? ஆம்பளைப் பிள்ளையா? சந்தோசம், சந்தோசம். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், வேலை சாத்தூர்ல, பெண்சாதி ஊர் கோவில்பட்டி. அப்படியா. சேனை வச்சாச்சா பிள்ளைக்கு?

சேனைன்னா என்னன்னு கேட்கிறீங்களே! உங்க பக்கம் கிடையாதா அது? சரிதான். பிள்ளை பொறந்ததும் சர்க்கரைத் தண்ணியை விரல்ல தொட்டு அது நாக்குல வைக்கிறது. முதல் ருசி. எங்க பக்கம் யார் வேணும்னாலும் வச்சிர முடியாது. வைக்கிறவங்க குணம் அந்த விரல் வழியா பிள்ளைக்கு இறங்கும். கோபக்காரன் வச்சா கோபம், கஞ்சன் வச்சா கஞ்சத்தனம். அதனால ஆளைப் பார்த்து, யோசிச்சு, கூப்பிட்டு வைக்கச் சொல்லுவாங்க. உங்க மாமனார் வீட்டுல யாரையாவது பார்த்து வச்சிருப்பாங்க. இன்னும் வைக்கலைன்னா நல்லதுதான். அவசரப்பட வேண்டாம். அதைப் பத்தி அப்புறம் பேசுவோம்.

பொட்டலத்துல என்ன, காராச்சேவா? சாத்தூர்லேருந்து போறவன் வேற என்னத்தைக் கொண்டு போவான். ஆனா தம்பி, பிள்ளை பெத்த உடம்புக்கு இந்த உறைப்பு ஆகாது. பாலைக் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு வலிக்கும். பொட்டலத்தை முழுசா கண்டா அவளுக்கும் ஆசை வரும், கொஞ்சத்தைக் குறைச்சுக் கொண்டு போறதுதான் நல்லது. பிரிங்க. அந்தப் பச்சைப் பிள்ளைக்காகத்தான் சொல்றேன்.

என் பேரு கோட்டைச்சாமி. ஊர் மேலக்கரந்தை விலக்குல இறங்கி உள்ளே நடக்கணும். இப்போ இருக்கிறது கோவில்பட்டியில, மூத்த மகன் வீட்டுல. எங்க ஊர்ல போயி ‘விவரமான ஆள் யாரு’ன்னு கேளுங்க. சின்னப் பிள்ளைகூட என் வீட்டைக் கையைக் காட்டும். அந்தப் பேர் எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமா?

எங்க பக்கம் அதுக்கு மேல ஒரு பட்டம் கிடையாது தம்பி. பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்க வந்தா ‘பையன் என்ன படிச்சிருக்கான்’னு கேட்கிறது ரெண்டாவதுதான். ‘பையன் விவரமா?’ இதுதான் முதல் கேள்வி. கலெக்டருக்குப் படிச்சிருந்தாலும் ‘படிப்பெல்லாம் இருக்கு, விவரம் பத்தாது’ன்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா முடிஞ்சுது. சின்னப் பிள்ளை தன் மிட்டாயை டவுசர்ல ஒளிச்சு வச்சுக்கிட்டு அக்கா மிட்டாயில பாதி கேட்டா, ‘அடேயப்பா, விவரத்தைப் பாரு’ன்னு தூக்கிக் கொஞ்சுவாங்க. பெரியவன் பக்கத்துக் காட்டு வரப்பை ராவோட ராவா ஒரு முழம் நகட்டி வச்சா, அதுக்கும் அதே சொல்லுதான். ஏமாத்திட்டான்னு சொல்றது எல்லாம் ஏமாந்தவன் சொல்றது. ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தவன் சொல்றதுதான் விவரம்.

நான் சேவல் வளர்த்த கதையைக் கேளுங்க. எனக்கு விடியக்காலம் எந்திரிக்கப் பிடிக்காது. ஆனா சேவலுக்குக் கூவாம இருக்கப் பிடிக்காது. என்ன பண்ணினேன்? அடுத்த வீட்டுக் கூரை மேலே சாயங்காலமே நாலு சோளத்தைத் தூவி அதை அங்கேயே அடையப் பழக்கினேன். நாலு மணிக்கு அவன் காதுல கூவும். அவன் எந்திரிச்சிருவான். எந்திரிச்சவன் சும்மா இருப்பானா, தொழுவைக் கூட்டுவான், தண்ணி இறைப்பான், பொழுது போகாம என் தொழுவையும் சேர்த்துக் கூட்டுவான். நான் ஏழு மணிக்கு எந்திரிச்சு, ‘என்ன மாப்பிள்ளை, நல்லாத் தூங்கினீரா?’ன்னு கேட்பேன். ஊரே சிரிச்சுக்கிட்டுச் சொல்லும், விவரமான ஆள்யா கோட்டைச்சாமின்னு. என்ன சிரிக்கிறீங்க, நம்பலையா? அந்தச் சேவல் இன்னைக்கு உயிரோட இருந்தா அதுவே சொல்லும்.

எனக்கு ஒரு தம்பி இருக்கான், சோலையப்பன். அவனுக்கும் விவரத்துக்கும் ஏழு கடல் தூரம். ஒரு நாள் அவன் வீட்டுல கோழி திருட ஒருத்தன் வந்தான். இவன் சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பார்த்துட்டு, கூச்சல் போட்டானா? இல்லை. கோழியோட ஓடுறவன் இருட்டுல கல் தடுக்கி விழுந்துருவானேன்னு பின்னாலேயே டார்ச் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கான். திருடன் நின்னு, கோழியைத் திருப்பிக் குடுத்துட்டு, ‘உன் வீட்டுல திருடினா கை விளங்காதுய்யா’ன்னு அழுதுட்டுப் போனான்னு சொல்றாங்க. அது எனக்குத் தெரியாது. ஆனா டார்ச் என்னோடது. அந்த பேட்டரிக்கு இன்னும் அவன் பதில் சொல்லலை.

எங்க அம்மா கடைசியில படுக்கையில விழுந்துட்டா. அள்ளணும், குளிப்பாட்டணும், புரட்டிப் போடணும். நான் என்ன பண்ணினேன், தம்பியைக் கூப்பிட்டு விட்டேன். ‘ஏலே சோலை, அம்மா ராத்திரி முழுக்க உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காடா’ன்னேன். அம்மா சொன்னது பூராவும் என் பேரைத்தான். அது எதுக்கு இவனுக்கு? அந்தக் கூமுட்டை கண்ணைத் துடைச்சுக்கிட்டு அன்னைக்கே மாட்டைப் பூட்டி வண்டியில வைக்கோலைப் பரப்பி, அம்மாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். கடைசி வரைக்கும் அவன் வீட்டுலதான். ஆனா அம்மா செத்தப்போ துட்டி கேட்க வந்த சனம் பூராவும் மூத்தவன் என் கையைத்தான் பிடிச்சது. அவன் பந்தக்கால் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாருக்கும் சொம்புல தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தான். ஒரே வயித்துல பொறந்தது ரெண்டும். ஒண்ணுக்கு விவரம், ஒண்ணுக்கு அது இல்லை. என்ன பண்றது.

இன்னும் கொஞ்சம் சேவு போடுங்க கையில. பூண்டு நல்லா இறங்கியிருக்கு.

எனக்கு ரெண்டு பையன்கள். மூத்தவன் தங்கமாரியப்பன். அவன் பொறந்ததும் எவன் எவனோ விரலை நீட்டிக்கிட்டு வந்தான். நான் யாரையும் கிட்டேயே விடலை. நானே வச்சேன் சேனை. என் மொத்த விவரமும் என் பிள்ளைக்கு இறங்கட்டும்னு விரலை நல்லா அழுத்தி வச்சேன். இறங்குச்சா? கேட்கிறீங்களா! பொறந்த மூணாம் நாள் பார்க்க வந்த எங்க பெரியப்பாவோட விரலை இறுக்கிப் பிடிச்சவன் விடவே இல்லை. அழுதாலும் விடலை, சிரிச்சாலும் விடலை. கடைசியில மோதிரம் கழன்று இவன் கைக்கு வந்த பிறகுதான் விட்டான். நடக்கக் கத்துக்கிட்டதுகூட அடுத்த வீட்டுல போயித்தான். எங்க வீட்டுத் தரை தேஞ்சிரக்கூடாதாம்.

சின்னவன் வேல்ச்சாமி பொறந்தப்போ நான் ஊர்ல இல்லை, எட்டயபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள அந்தச் சோலையப்பன் போயி விரலை வச்சுட்டான். போச்சு! அன்னைக்கே அவன் தலையெழுத்து முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துல இவன் பேனாவை வாங்கி அடுத்தவன் பரீட்சை எழுதுவான், இவன் சும்மா உட்கார்ந்திருப்பான். கேட்டா, ‘அவன்கிட்ட பேனா இல்லைப்பா’ம்பான். சாத்தூர்ல ஒரு மர அறுப்புக் கடையில வேலை பார்க்கிறான். அவன் உருப்படுவான்னு எனக்கு எந்தக் காலத்துலேயும் நம்பிக்கை கிடையாது.

எம் பெண்சாதி போன பிறகு நான் மூத்தவன்கிட்ட வந்தேன். விவரமான பிள்ளைகிட்டதானே போவோம். அங்கே நடக்கிற கூத்தைக் கேட்டா உங்களுக்கும் குமட்டும்.

முதல்ல சாப்பாடு. ‘வயசானவங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுரணும்ப்பா, அதுதான் செரிக்கும்’னு ஆறு மணிக்கே ரசத்தை ஊத்தித் தட்டை வச்சிருவான். நல்ல அக்கறைன்னு நானும் சாப்பிட்டுப் படுத்துருவேன். எட்டு மணிக்கு உள்ளேருந்து கறிக்குழம்பு வாசம் வரும் தம்பி! என்ன வாசம்! நான் கண்ணை மூடிக்கிட்டு அந்த வாசத்தோட வெறும் வாயை மென்னுக்கிட்டுக் கிடப்பேன். மறுநாள் கேட்டா ‘அது பக்கத்து வீட்டுல’ம்பான். அந்தப் பக்கம் இருக்கிறது சைவ வீடு.

அப்புறம் கட்டில். ‘உள்ளே புழுக்கமா இருக்கும்ப்பா, காத்தாடப் படுங்க’ன்னு வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரு நார்க்கட்டிலைப் போட்டுட்டான். எனக்கு நெஞ்சுச் சளி, ராத்திரி முழுக்க இருமுவேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடாங்கிறேன், ‘பார்ப்போம், பார்ப்போம்’ங்கிறான். ஒரு நாள் அவன் கூட்டாளிகிட்ட கேட்டுல நின்னு பேசுறான். எனக்குக் காது நல்லாக் கேட்கும், அது அவனுக்குத் தெரியாது. ‘அந்தத் தெருவுல ரெண்டு வீட்டுல திருட்டு. நம்ம வீட்டுப் பக்கம் எவனும் வரலையே! நாய்னா காசு குடுத்து வாங்கணும், கறி போடணும், ஊசி போடணும். இது ராத்திரி பூராவும் தூங்காது’ங்கிறான். அந்தக் கூட்டாளி என்ன சொன்னான் தெரியுமா? ‘விவரம்யா நீ’ன்னான்! என் காதாலேயே கேட்டேன். எந்தச் சொல்லை நான் சம்பாதிச்சேனோ, அதை எடுத்து அந்தப் பயலுக்குக் குடுக்கிறான். என் இருமலை வச்சு!

தூ! அப்பனை நாய்க்குப் பதிலா கட்டிப் போடுறதுக்குப் பேரு விவரமா? கேடுகெட்டத்தனம்னு சொல்லுங்க. களவாணித்தனம்னு சொல்லுங்க. இந்தப் புத்தி அவனுக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ, எனக்கு விளங்கவே இல்லை தம்பி.

அந்த வீட்டுல அவன் மக ஒருத்தி இருக்கா, தர்ஷினி. ரெண்டாம் வகுப்பு. அவ ஒரு தனி ரகம். அந்தக் கறிக்குழம்பு ராத்திரிகள்ல கையில ஒரு துண்டை மூடி எடுத்துக்கிட்டு பூனை மாதிரி வருவா. ‘தாத்தா, வாயைத் திற’ம்பா. அது அவ பங்கு! நானும் தின்னுட்டு அவளைத் திட்டுவேன். ‘ஏட்டி, உனக்கு வச்சதை இப்படி ஊருக்குக் குடுத்தா நீ எப்படிட்டி பிழைப்பே, கொஞ்சமாவது விவரம் வேண்டாமா’ம்பேன். ஒரு நாள் செருப்பில்லாம வந்து நிக்கிறா, யாரோ ஒரு பிள்ளைக்குக் கால் சுட்டுச்சாம். எனக்குப் பெரிய யோசனை. இவ்வளவு விவரமான அப்பன், இவ்வளவு விவரமான தாத்தா, இந்தக் கழுதைக்கு மட்டும் எப்படி இப்படி ஆச்சு?

தம்பி, பஸ் திரும்பிட்டு, உங்க பக்கம் நிழலா இருக்கே. நீங்க ஜன்னலோரத்துக்கு ஆசைப்பட்டுத்தானே கைக்குட்டை போட்டீங்க? ஒருத்தர் ஆசையைக் கெடுக்கிறது பாவம். வாங்க, வாங்க, இப்படி மாறி உட்காருங்க. நான் உங்க இடத்துல இருந்துக்கிடுறேன். ஆங். இப்போ சௌகரியமா இருக்கு. உங்களுக்குச் சொன்னேன்.

விசயத்துக்கு வர்றேன். சின்னவன் பெண்சாதி மாரீஸ்வரிக்கு நேத்து ராத்திரி சாத்தூர்ல பிள்ளை பொறந்தது. ஆம்பளைப் பிள்ளை. என் வம்சத்துக்கு முதல் ஆம்பளைப் பேரன்! எனக்கு ராத்திரி இருமல்கூட வரலை. இந்த ஒரு பிள்ளையையாவது நான் கரையேத்திரணும்னு நினைச்சேன். அப்பன் அப்படிப் போயிட்டான், இவனுக்காவது நம்ம விரலை வச்சு விவரத்தை இறக்கிரணும். எனக்கப்புறம் அந்தப் பேரை யார் வச்சுக் காப்பாத்துவா? மூத்தவன்கிட்ட இருக்கிறது அழுகின சரக்கு. நல்ல சரக்கு என்கிட்டதான் இருக்கு.

விடியக்காலமே சோப்பு போட்டு மூணு தடவை கையைக் கழுவினேன். நகத்தை வெட்டினேன். ஒரு சின்ன மருந்துப் பாட்டில்ல சர்க்கரைத் தண்ணியை ஊத்தி இடுப்புல சொருகிக்கிட்டேன். ஏன்னா ஆஸ்பத்திரியில நர்சம்மா விடாது, தாய்ப்பாலைத் தவிர எதையும் வைக்கக்கூடாதுன்னு வையும். அது அந்தப் பக்கம் போறப்போ ஒரு தொடு தொட்டுரணும். மூத்தவன் பெண்சாதியோட பைக்ல போயிட்டான், எனக்கு இடமில்லைன்னுட்டான். நான் பஸ்ல போயிச் சேர்ந்தேன்.

போயிப் பார்த்தா எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. பிள்ளை தாய் பக்கத்துல கிடக்கு. சேனை இன்னும் வைக்கலை. அடடா, நமக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, ‘என்ன சம்பந்தியம்மா, ஆரம்பிச்சிருவோமா?’ன்னேன். அந்தம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துட்டு, ‘இல்லண்ணே, சின்ன மாமா வந்துரட்டும்னு மாரி சொல்றா’ன்னுச்சு.

எந்தச் சின்ன மாமா? சோலையப்பன்! அவன் வர்ற வழியில எவனோ ஒருத்தன் வண்டி பஞ்சராகி நின்னானாம், அதைத் தள்ளிக்கிட்டு வர்றானாம். அதுக்கு என் பேரன் பட்டினி கிடக்கணுமாம்.

நான் விடுவேனா? ‘சம்பந்தியம்மா, முகமெல்லாம் வாடிப் போச்சே, போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க’ன்னு அந்தம்மாவை அனுப்பினேன். ‘ஏ வேலு, நர்சம்மா உன்னைத் தேடுது’ன்னு சின்னவனை அனுப்பினேன். உடனே போயிட்டான். பாட்டிலை எடுத்தேன், விரலை நனைச்சேன், கட்டில் பக்கம் குனிஞ்சேன். அப்போ அந்த மாரீஸ்வரி என்ன பண்ணினா தெரியுமா?

பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டா தம்பி! தன் உள்ளங்கையால, என் பேரன் வாயை! நான் விஷத்தையா கொண்டு போனேன்?

‘என்னம்மா இது’ன்னேன். அவ குரலே எழும்பலை. பிள்ளை பெத்த சோர்வு. ஆனா கையை எடுக்கலை. ‘மாமா, கோவிச்சுக்காதீங்க. தலையில கையை வைங்க, மடியில வச்சுக் கொஞ்சுங்க, உங்க பேரன்தான். நாக்குல மட்டும் வேண்டாம். இவன் கொஞ்சம் விவரமில்லாமலே வளரட்டும்’ங்கிறா.

கேட்டீங்களா? பெத்தவ சொல்ற பேச்சா இது? எந்தத் தாயாவது தன் பிள்ளை விவரமில்லாம வளரட்டும்னு சொல்லுவாளா?

அதுக்குள்ள சோலையப்பன் கிரீஸ் கையோட வந்து நிக்கிறான். குழாயில போயிக் கழுவிட்டு வர்றான், பாதிதான் போயிருக்கு, நகக்கண்ணுல கறுப்பு அப்படியே இருக்கு. அந்த விரலைப் பார்த்ததும் பிள்ளை வாயை மூடின கை தன்னாலே விலகுச்சு தம்பி. நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். அவன் என்னைப் பார்த்து, ‘நீங்க வைங்கண்ணே, மூத்தவர் இருக்கப்போ நான் எப்படி’ங்கிறான். ‘நீங்களே வைங்க சித்தப்பா’ன்னு ஒரு குரல். யாரு? மூத்தவன்! நான் பெத்த தங்கம்!

‘ஏலே, நீ என்னடா எனக்கு எதிரா பேசுற? உனக்கு நான் வச்சேன், நீ எப்படி வந்திருக்கே’ன்னேன். இந்தச் சோலையப்பன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பானா? ‘கோவிக்காதீங்கண்ணே, தர்ஷினிக்கும் நான்தானே வச்சேன், அந்த ராசியில கேட்கிறாங்க போல’ங்கிறான்.

தர்ஷினி பொறந்தப்போ என்கிட்ட மூத்தவன் என்ன சொன்னான்? ‘நர்ஸ் யாரையும் வைக்க விடலைப்பா’ன்னான்! நானும் நம்பி அந்த நர்சை இத்தனை வருசமா வைஞ்சுக்கிட்டு இருக்கேன். அந்த மகராசி எங்கே இருக்காளோ.

‘ஏண்டா அப்படிப் பண்ணினே’ன்னு அவன் சட்டையைப் பிடிச்சேன். விவரமான பய, அசரலை. மெல்லச் சட்டையை விடுவிச்சுக்கிட்டு, காதோட காதா சொல்றான்: ‘வீட்டுக்கு ஒருத்தன் விவரமா இருந்தா போதும்ப்பா. எனக்கும் வயசாகும்ல.’

வயசாகும்ல! ஆகட்டுமே! வயசாகிறதுக்கும் சேனைக்கும் என்ன சம்பந்தம்? சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி உட்கார்ந்ததிலேருந்து யோசிக்கிறேன், பிடிபடலை. உங்களுக்குப் பிடிபடுதா? ஏன் வெளியே பார்க்கிறீங்க?

இதோட முடிஞ்சுதா? நான் வராந்தாவுல போயித் தனியா உட்கார்ந்திருக்கேன். தூணுக்கு அந்தப் பக்கம் மூத்தவன் சின்னவனைத் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வர்றான். ‘வேலு, அப்பா ராத்திரி முழுக்க உன் பேரையேதான்டா சொல்லிக்கிட்டு இருக்கார்’ங்கிறான். எவ்வளவு பெரிய பொய்! நான் சின்னவன் பேரைச் சொல்லி எத்தனை வருசமாச்சு! என் இருமல் புளிச்சுப் போச்சு அவனுக்கு, இப்போ கேமரா வந்துட்டுல்ல, கேட்டுல ஒண்ணை மாட்டிட்டான். வாய் கூசாம அப்படி ஒரு பொய்யை எப்படித்தான் சொல்ல முடியுதோ. கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு அருவருப்பா வந்துச்சு.

அந்தச் சின்னவன் நம்பிட்டான்! கண்ணைத் துடைச்சுக்கிட்டே என் முன்னால வந்து குத்த வச்சு உட்கார்ந்து, ‘அப்பா, இனிமே எங்க கூடவே இருந்துருங்க. வீடு சின்னது, கட்டிலை உள்ளே போட்டுரலாம், இருமலுக்கு நாளைக்கே போயிக் காட்டுவோம்’ங்கிறான். என் விரலு வேண்டாமாம், நான் மட்டும் வேணுமாம்! ‘போடா விவரங்கெட்டவனே, உங்க அண்ணன் உன் தலையில என்னைக் கட்டுறான்டா, அதுகூடத் தெரியலையா’ன்னு கத்திட்டு, வேட்டியை உதறிக்கிட்டு வந்து இந்தப் பஸ்ல ஏறிட்டேன். பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தான். ஜன்னல்ல நின்னு கெஞ்சினான். அதான் இந்த ஜன்னலை இழுத்துச் சாத்தினது. இப்போ சிக்கிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குது.

போகட்டும். நன்றி கெட்ட சனம். ஆனா பாருங்க தம்பி, மனுசனுக்கு ஒரு கதவு அடைச்சா ஒரு நல்ல ஆள் பக்கத்துச் சீட்டுல வந்து உட்காருறார். நீங்க ஏறினதும், அந்தப் பூத்துவாலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணக்கு ஓடுச்சு. இந்தாங்க, பாட்டில் இடுப்புலேயே இருக்கு. விரலைப் பாருங்க, மூணு தடவை கழுவினது. நகம்கூட வெட்டியாச்சு. உங்க மாமனார் வீட்டுல கேட்டா உங்க பெரியப்பான்னு சொல்லிருங்க, வேலூர்லேருந்து வந்திருக்கார்னு. மிச்சத்தை நான் பார்த்துக்கிடுறேன். ஒரே ஒரு தொடு. உங்க பையன் பின்னால எப்படி வர்றான்னு பாருங்க! உங்களை எங்கே கொண்டு போயி வைக்கிறான்னு பாருங்க!

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? கோவில்பட்டி இன்னும் வரலையே. இங்கேயா? இது வெறும் காட்டு விலக்கு தம்பி, ஒரு டீக்கடைகூடக் கிடையாது. யாரைப் பார்க்கணும் இங்கே? ஒரு மரம்கூட இல்லையே ஒதுங்க... இருங்க, இருங்க, காலை மிதிக்காதீங்க, மடக்கிக்கிடுறேன். பிளாஸ்க்கை எடுத்துட்டீங்களா? துவாலையை எதுக்கு அப்படி நெஞ்சோட இறுக்கிக்கிட்டு...

எறங்கிட்டாரே!

பார்த்தீங்களா கண்டக்டர்? கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்த ஆளு. நேத்துப் பொறந்த பிள்ளை அங்கே கிடக்கு. இந்த வெயில்ல நடுக்காட்டுல எறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் கண்ணுக்கு மேல வச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்! கைக்குட்டையைக் கூட இங்கேயே விட்டுட்டான். எங்கே பார்த்தாலும் இப்படித்தான்யா இருக்கானுக. சுத்தமா விவரமில்லாத ஆளு. நான் எடுத்துச் சொல்லியும் விளங்கலை.

நீங்க? உங்களுக்குப் பிள்ளை குட்டி? எல்லாம் பெரிசாயிருச்சா? சரி, சரி, போயி டிக்கெட்டைப் போடுங்க.

விரல் பிசுபிசுங்குது. பாட்டில் மூடி சரியில்லை, வேட்டியெல்லாம் சர்க்கரை. வீணாத்தானே போகும். எதுக்கு விடணும்?

ம்.

இனிப்பாத்தானேய்யா இருக்கு. இதைப் போயி வேண்டாங்கிறானுக.